தூங்குவதுபோல் படுத்திருந்தேன்

கால் வீங்கி நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தேன். டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகள் கேள்வி கேட்க வந்தால், கூச்சத்தில் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வேன். மூன்றாம் நாள் ஒரு மாணவி பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, வீட்டுல வேற மாத்திரை ஏதும் சாப்பிடுதீங்களா?" என்று கேட்டாள். நான் அசையவில்லை.

"இவ ஒறங்கல்ல மக்களே, நடிக்கா!" என்று மாணவியிடம் சொன்னாள் அடுத்த கட்டிலில் இருந்த கருங்கல் ஊர்க்காரி. "ஏட்டி, ஒன்னயப் பொண்ணு பாக்கவா வந்திருக்கு அந்தப் பிள்ள? வாயத் தொறந்து சொல்லு!"

தம்பி துபாயிலிருந்து கொண்டுவரும் முட்டுவலி மாத்திரையைத் தினமும் இரண்டு விழுங்குவதைச் சொன்னேன். டாக்டர் எழுதித் தராததால் அதை மருந்தாகவே நான் நினைக்கவில்லை. மாணவி ஓடிப்போய்ப் பெரிய டாக்டரை அழைத்துவந்தாள். அந்த மாத்திரையால்தான் சிறுநீரகம் கெட்டிருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் மீட்டிருக்க முடியாது என்றார் அவர்.

இப்போது பரிசோதனைக்குப் போகும்போது படிக்கிற பிள்ளைகள் வந்தால் நானே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். கூச்சம் இன்னும் போகவில்லை. ஆனால் நாம் பேசாவிட்டால் அவர்கள் யாரிடம் கேட்டுப் படிப்பார்கள்?