அளக்காமல் விட்ட அறை

என் எழுபதாம் வயதுச் சாந்தியைத் திருக்கடையூரில் செய்வது என்று முடிவானது. வெளியூர் உறவினர்கள் இரண்டு நாள் வீட்டில் தங்குவார்கள் என்பதால், அதற்குள் தரைக்கு டைல்ஸ் போட்டுவிடலாம் என்றாள் என் மனைவி. பழைய சிமெண்ட் தரை, அங்கங்கே பொரிந்து போயிருந்தது. கொத்தனாரை வரச் சொன்னேன். ஆனால் எத்தனை பெட்டி வாங்குவது என்பதை நானே கணக்கிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கல்லூரியில் முப்பத்துநான்கு வருஷம் கணிதம் நடத்தியவனுக்கு அதில் ஒரு வீம்பு.

அளக்கும் டேப்பின் மறுமுனையைப் பிடித்தவள் என் தங்கை. கணவர் இறந்தபின், பிள்ளைகள் இல்லாததால், எங்களோடு இருக்க வந்து அப்போது பதினோரு வருஷம் ஆகியிருந்தது. கொல்லைப்புறத்தை ஒட்டிய கடைசி அறை அவளுடையது. அதற்கு முன் அங்கே விதைநெல் மூட்டைகள் கிடந்தன. வீட்டுக்குப் பின்னால் வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் அந்தத் தரையில் ஈரம் ஏறும். காலையில் பாயைச் சுருட்டும்போது அடிப்பக்கம் சில்லென்று இருக்கிறது என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாள். குறையாகச் சொல்லவில்லை. நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

கூடத்தில் ஆரம்பித்தோம். பதினெட்டுக்குப் பன்னிரண்டு என்று எழுதினேன்.

"மொத்தத்துல பத்து பர்சென்ட் சேத்துக்குங்க சார். வெட்டுறதுல வேஸ்ட் போவும்" என்றார் கொத்தனார்.

"பன்னெண்டு அடின்னா பன்னெண்டு அடிதானே?"

"உங்க நோட்டுல பன்னெண்டு. செவுரு காலேஜுக்குப் போவலியே சார்."

தங்கை சிரித்துவிட்டாள். "எதுத்தாப்புலயும் அளந்துடுங்கண்ணா. அவர் சொல்றது சரியான்னு பாத்துடலாம்."

எதிர்ப்பக்கம் மூன்று அங்குலம் குறைவாக இருந்தது. கொத்தனார் மீசையைத் தடவிக்கொண்டார். பெரிய அளவையே வைத்துக்கொண்டு, பத்து சதவீதத்துக்கும் சம்மதித்தேன்.

பிறகு இரண்டு படுக்கையறைகள், சமையலறை. ஒவ்வொரு மூலையிலும் அவள் குனிந்து டேப்பின் முனையைச் சுவரோடு வைத்து அழுத்திக்கொண்டாள். அவளுக்கு முழங்கால் வலி உண்டு. சமையலறை முடிந்ததும் முனையை விடாமல் முன்னால் நடந்தாள். டேப் என் கையிலிருந்து நீண்டுகொண்டே போனது. அவள் தன் அறைக்குள் போய், சுருட்டி வைத்திருந்த பாயைத் தள்ளிவிட்டு, மூலையில் முனையை வைத்து, "ம், பாருங்கண்ணா" என்றாள்.

நான் வாசற்படிக்கு வெளியே நின்றேன். "இது வேண்டாம். விட்டுடு" என்றேன்.

அவள் முனையை விட்டாள். டேப் தரையில் சலசலத்துக்கொண்டு என்னிடம் வந்து சேர்ந்தது. கொத்தனார் என்னைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார். அவள் பாயைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, "காப்பி போடறேன்" என்று எழுந்து போனாள்.

மனைவி கேட்டபோது, அந்த அறையையும் உடைத்தால் தங்கை நாலு நாள் எங்கே படுப்பாள் என்றேன். மற்ற அறைகளை உடைத்த நாட்களில் எங்கள் சாமான்களோடு நாங்கள் இருவரும் அவள் அறையில்தான் படுத்தோம். பணமும் காரணமில்லை. விருந்தாளிகள் அந்தப் பக்கம் வரமாட்டார்கள். அவ்வளவுதான். அது ஓர் அறை என்றே எனக்குத் தோன்றவில்லை.

கணக்கு இன்றும் நினைவிருக்கிறது. மொத்தம் ஐந்நூற்று எழுபது சதுர அடி. வெட்டுக்குச் சேர்த்து அறுநூற்று இருபத்தேழு. பெட்டிக்குப் பதினாறு சதுர அடி என்றால் நாற்பது பெட்டி. நான் நாற்பத்துநான்கு வாங்கினேன். பின்னால் ஏதாவது உடைந்தால் அதே ஷேடு கிடைக்காது என்று எல்லோரிடமும் விளக்கினேன். கொத்தனார் கைகாரர். முப்பத்தெட்டில் முடித்துவிட்டார்.

மிச்சமான ஆறு பெட்டிகளை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. நான்தான் இடம் சொன்னேன். அவள் அறையில், ஜன்னலோரமாக அடுக்கினார்கள்.

சாந்திக்கு வந்தவர்கள் தரையைப் பாராட்டினார்கள். ஓர் உறவுக்காரப் பெண் அவளிடம், "உங்க ரூமுக்குப் போடலியா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

"இந்த வீட்டுலயே என் ரூம்லதான் டைல்ஸ் ஜாஸ்தி. வந்து பாரு" என்றாள் தங்கை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தப் பெட்டிகள் நான்கு வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்தன. மழைக்காலத்தில் ஈரம் படாமலிருக்க அவள் தன் புடவைகளை அவற்றின் மேல் அடுக்கி வைத்தாள். பாய் மட்டும் தரையில்தான். புதுத் தரையில் ஒரு கல்கூட உடையவில்லை.

ஐந்தாம் வருஷம் சீர்காழியில் இருக்கும் அவள் கணவரின் தம்பி மகள், குழந்தை பிறந்திருக்கிறது, ஒத்தாசைக்கு வரமுடியுமா என்று கேட்டாள். ஒரு மாதம் என்று போனவள் ஆறு மாதம் இருந்தாள். பிறகு ஒரு நாள் வந்து புடவைகளையும் தன் துணிப்பெட்டியையும் எடுத்துப்போனாள். அங்கே கட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னாள்.

அவள் போனபின் டேப்பை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போனேன். முனையைப் பிடிக்க ஆளில்லாததால் ஒரு செங்கல்லை அதன் மேல் வைத்தேன். ஒன்பதுக்கு எட்டு. எழுபத்திரண்டு. வெட்டுக்குச் சேர்த்தால் எழுபத்தொன்பது சொச்சம். ஐந்து பெட்டி.

அதே கொத்தனாரை அழைத்துப் போட்டு முடித்தேன். அவர் காரணம் எதுவும் கேட்கவில்லை. சீர்காழிக்குப் போன் செய்தேன்.

"உன் ரூமுக்கு டைல்ஸ் போட்டாச்சும்மா. வந்துடு."

"அப்படியாண்ணா? இருந்தது போதுச்சா?"

"போதுச்சு. ஒரு பெட்டி மிச்சம்."

"அத பத்திரமா வெச்சுக்குங்க. அப்பறம் அதே ஷேடு கிடைக்காது" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. பின்னால் குழந்தை அழுதது. "இருங்கண்ணா, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

வருகிறேன் என்றோ மாட்டேன் என்றோ அவள் சொல்லவில்லை. அன்றைக்கு வேண்டாம் என்று சொன்னது தப்பு என்று நானும் சொல்லவில்லை. இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. வாரம் ஒருமுறை பேசுகிறோம், சீர்காழிப் பேரனைப் பற்றியும் அவள் முழங்காலைப் பற்றியும். மிச்சமான அந்தப் பெட்டி மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. அவள் அறையில் வைக்கவில்லை.