தெருவுக்கு எடுத்த அளவு

அந்தத் தெருவில் டெய்லரை எல்லாரும் 'கத்திரி' என்றுதான் கூப்பிடுவார்கள். துணியை வெட்டுவதால் அல்ல. யார் பேசினாலும் நடுவில் புகுந்து வெட்டிவிடுவார். பிறந்த அன்றைக்கே டாக்டரின் பேச்சை மறித்து அழுதாராம்.

நகராட்சி அந்தத் தெருவைப் புதுசாக்கப் போவதாகச் சொல்லி, ஆபீஸ் சுவரில் ஒரு வரைபடத்தை ஒட்டியிருந்தது. சனிக்கிழமை கூட்டம், யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம். தெருவே திரண்டு போய்ப் பார்த்தது. நீலக்கோடும் சிவப்புக்கோடும் சிக்கிக்கொண்ட நூல்கண்டு மாதிரி கிடந்தன. எல்லாரும் பெரிய நிபுணர்கள் போலத் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, "உங்களுக்கு ஏதாவது புரிஞ்சுதா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள்.

"பேப்பர்ல எந்தச் சட்டையும் அழகாத்தான் இருக்கும். போட்டுப் பாத்தாத்தானே அக்குள்ல பிடிக்குதான்னு தெரியும்?" என்றார் கத்திரி.

நகராட்சி இன்ஜினியரம்மாவிடம் அளவுகளைக் கேட்டு வந்து, இஞ்சு டேப்பும் சாக்பீஸுமாகத் தெருமுனையில் மண்டி போட்டார். வரைபடம் அப்படியே தரையில் இறங்கியது. இங்கே நடைபாதை, இங்கே மரம், இங்கே பஸ் ஸ்டாப்பு.

பஸ் ஸ்டாப்பு போய் நின்றது ரொட்டிக் கடை வாசலில். ரொட்டிக் கடை அக்கா மாவுக் கையோடு ஓடி வந்தாள். அவள் போட்ட சத்தத்தில் உள்ளே வெந்துகொண்டிருந்த ரொட்டியெல்லாம் பயந்துபோய் இன்னொரு சுற்று உப்பியது.

"தம்பி, நான் மாவு மூட்டைய எங்க இறக்குறது? பஸ்ஸுக்குள்ளயா?"

"அதைத்தான்க்கா கூட்டத்துல கேக்கணும்!" கத்திரிக்குப் பெருமை தாங்கவில்லை. தெருவே சண்டைக்குத் தயாரானது.

கத்திரியின் மனைவி மட்டும், காஜா எடுத்துக்கொண்டிருந்த சட்டையை வைத்துவிட்டு அவர் காதருகே வந்தாள்.

"ஏங்க, ஒவ்வொரு தடவ டேப்ப வைக்கும்போதும் ரெண்டு விரல் தள்ளி வச்சீங்களே, எதுக்கு?"

"தையலுக்கு விட வேணாமா?"

"தார் ரோட்ட எதோட சேத்துத் தைக்கப் போறீங்க?"

அப்போதுதான் அவருக்கே உறைத்தது. இரண்டிரண்டு விரலாகச் சேர்ந்து பஸ் ஸ்டாப்பு ஒரு கடை தூரம் நகர்ந்திருந்தது. சரியான அளவில் அது நிற்க வேண்டிய இடம் பக்கத்துக் கடை வாசல். அது அவருடைய கடை! அந்த வாசல் வெளிச்சத்தில்தான் மிஷின் ஓடுகிறது. முன்னால் ஒரு கூரை வந்துவிட்டால், ஊசியில் நூல் கோக்க ஓர் ஆந்தையைத்தான் வேலைக்கு வைக்க வேண்டும்.

"பேசாம இருந்துட்டா, அக்காவே சண்ட போட்டு ஸ்டாப்ப விரட்டிடுவாங்களே" என்று முனகினார்.

"கூட்டத்துல இன்ஜினியரம்மா 'உங்க கோடே தப்பு'ன்னு ஒரு வார்த்த சொன்னா, அப்புறம் தெருவுல ஒருத்தரும் வாயத் திறக்க முடியாது. நீங்களும்தான்."

தன் வாய் மூடிக் கிடப்பதை நினைத்ததுமே கத்திரிக்கு வேர்த்துச் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அக்கா திட்டி முடிக்கும்வரை காத்திருந்து, "அக்கா, தப்பு என்மேல. ஸ்டாப்பு உங்க வாசல்ல இல்ல, என் வாசல்ல" என்று விஷயத்தைச் சொன்னார்.

"அடப்பாவி! எனக்குத் தைச்ச ஜாக்கெட்டுல விட வேண்டியத ரோட்டுல விட்டிருக்கியே! அதான் எனக்கு மூச்சு முட்டுது" என்றாள் அக்கா. தெரு சிரித்த சிரிப்பில் பாதிக் கோடு தானாகவே அழிந்தது.

மீதியை அழித்துவிட்டு மறுபடி வரைந்தார்கள். டேப்பின் ஒரு முனையை அக்காவே பிடித்தாள். பிறகு, ஸ்டாப்புக்காக வரைந்த கட்டத்துக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார்கள். வரும் பஸ் வளைவில் மறைந்து, மூக்கு முன்னால் வந்த பிறகுதான் தெரிந்தது. ரொட்டிக் கடையைத் தாண்டி இருந்த ஒரு கிடங்கின் வெற்றுச்சுவர் ஓரமாக நின்றால் தூரத்திலேயே தெரிந்தது.

கூட்டத்தில் எல்லாரும் இதையே சொன்னார்கள். இன்ஜினியரம்மா நேரில் வந்து, சாக்பீஸ் ஸ்டாப்பில் நின்று, தானும் எட்டிப் பார்த்துவிட்டு, சுவரோரத்துக்கே மாற்றினார்.

இப்போது பக்கத்துத் தெருக்காரர்களும் கத்திரியை அளவெடுக்கக் கூப்பிடுகிறார்கள். கிளம்பும்போதெல்லாம் மனைவி அவருடைய இரண்டு விரல்களையும் நூலால் சேர்த்துக் கட்டி அனுப்புகிறாள்.

"அப்படியே வாய்க்கும் ஒரு தையல் போட்டு அனுப்பும்மா" என்று கடைக்குள்ளிருந்து கத்துகிறாள் அக்கா.