திரையை மூடிய சால்வை

எங்கள் பல்கலைக்கழகக் கணினிக் கூடத்தின் சுவரில் ஒரு விதி ஒட்டியிருக்கும். யாராவது தன் கணினிக் கணக்கைத் திறந்தபடி விட்டுப் போனால், அடுத்து வந்து அமர்பவர் அதை உடனே மூடிவிட வேண்டும். யோசிக்காமல் நானும் பலருடையதை மூடியிருக்கிறேன்.

அன்று என் இறுதியாண்டு ஆய்வுக்கான கணக்கீடு அங்கே ஒரு கணினியில் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. கணக்கை மூடினால் எல்லாம் போய்விடும். மறுநாள் ஒப்படைக்க வேண்டும். வீட்டிலிருந்து வந்த அழைப்பின் பதற்றத்தில் கணக்கு திறந்தபடி இருப்பதை மறந்து வெள்ளவத்தை பஸ்ஸில் ஏறிவிட்டேன். பம்பலப்பிட்டியில்தான் ஞாபகம் வந்தது. இறங்கித் திரும்பி ஓடினேன்.

கூடம் நிறைந்திருந்தது. என் கணினிக்கு முன்னால் முன்பின் தெரியாத ஒருத்தி இருந்தாள். திரையைத் தன் சால்வையால் மூடியிருந்தாள். ஒரு கையால் தாளில் ஏதோ எழுதிக்கொண்டு, மற்றக் கையால் மவுஸை அசைத்துக்கொண்டிருந்தாள்.

"இது என்ர கணக்கு. மூடிட்டீங்களோ?" மூச்சு வாங்கக் கேட்டேன்.

"இல்ல. ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. சும்மா விட்டா தானா மூடிடும், அதுதான் அசைச்சுக்கொண்டிருந்தனான். உங்கட மெயிலும் திறந்து கிடந்தது. நான் பாக்கேல்ல."

"அப்ப உங்கட வேலை?"

"பேப்பர்ல எழுதினனான். எனக்குத் தந்த கம்ப்யூட்டர் டைமும் முடிஞ்சுது," என்றபடி சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனாள்.

அந்த விதி இன்னும் சுவரில் இருக்கிறது. சரியான விதிதான். ஆனால் திறந்து கிடக்கும் கணக்கைக் கண்டால் அதை உடனே மூட எனக்கு மனம் வருவதில்லை. முதலில் வாசலைப் பார்க்கிறேன், யாராவது ஓடி வருகிறார்களா என்று.