குரல் போன பருவத்தில் உவமைப் பாடம்

குரல் வெண்கல மணி போலக் கணீரென்று ஒலிக்கும் என்பதால் பள்ளியில் அவரை எல்லோரும் வெண்கல டீச்சர் என்றுதான் சொல்வார்கள். ஐந்தாம் வகுப்புத் தமிழாசிரியை. நான் பக்கத்து அறையில் கணக்கு சொல்லிக்கொடுப்பவன். இரண்டு அறைக்கும் நடுவில் இருப்பது வெறும் பலகைத் தடுப்பு. அங்கே அவர் உவமையைத் தொடங்கினால் இங்கே என் பின்னம் நின்றுபோகும். பாதியையும் காலையும் கூட்டச் சொன்னால், ‘முகம் நிலவு போல’ என்று என் பிள்ளைகள் முணுமுணுத்ததுண்டு.

ஒரு திங்கட்கிழமை, பிள்ளைகளின் பெயர்களைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் குரல் அறுந்தது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. குரல் நாணில் முடிச்சு விழுந்திருப்பதாகத் தொண்டை மருத்துவர் சொன்னார். சின்ன அறுவை சிகிச்சை. கொஞ்ச நாள் முழு மௌனம். அதன் பிறகும் அந்தப் பருவம் முடியும்வரை வகுப்பில் வாயைத் திறக்கக் கூடாது.

அவர் கணவர் வீடுகளுக்கு ஒயரிங் செய்பவர். வாய் சும்மா இருக்காது.

“கல்யாணமாகி இத்தன வருஷத்துல இப்பதான் ஒரு பேச்ச முழுசா முடிக்கிறேன்” என்றார், நான் பார்க்கப் போயிருந்தபோது.

டீச்சர் போனில் தட்டி அவர் முகத்துக்கு நேராக நீட்டினார்: ‘முடிச்சாச்சுல்ல? போய் டீ போடுங்க.’

வாசல்வரை வந்து வழியனுப்பும்போது கணவர் குரலைத் தாழ்த்தினார். “அவ சிரிக்கிறாளேன்னு நினைக்காதீங்க சார். சமையலறைல குழாயத் திறந்துவிட்டுட்டு அழறா. இனிமே டீச்சரே இல்லன்னு நினைச்சுட்டா.”

மீண்டும் வேலைக்கு வந்த அன்று தலைமையாசிரியை அவரைக் கூப்பிட்டார். கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை. “இந்தப் பருவம் நூலகத்துல இருந்துக்கோங்கம்மா. அங்க யாரும் பேசக் கூடாதுன்னு போர்டே இருக்கு.”

டீச்சர் போனை எடுத்துக் காட்டினார்: ‘கம்ப்யூட்டர் அறையக் குடுங்க.’

“உங்களுக்கு மவுஸ் பிடிக்கவே வராதே.”

‘பிடிக்கக் கத்துக்கறேன்.’

அந்த அறையைத் திறந்தபோது தும்மல்தான் முதலில் வந்தது. விசைப்பலகைகளில் ஒட்டியிருந்த தமிழ் எழுத்துகள் பாதி உரிந்திருந்தன. ‘ஞ’ எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கணவர் வந்து ஒயர்களை இழுத்து எல்லாக் கணினிகளையும் இணைத்தார். யார் எதைத் தட்டினாலும் முன்னால் இருக்கும் பெரிய திரையில் தெரிந்தது. டீச்சர் ஒவ்வொரு விசையாகத் தட்டிப் பார்த்து, இல்லாத எழுத்துகளை எழுதி ஒட்டினார்.

முதல் வகுப்பின்போது எனக்கு ஓய்வு நேரம். உதவி வேண்டியிருக்குமோ என்று வாசலில் நின்றேன். பிள்ளைகள் ஒரு கணினிக்கு இரண்டு பேராக உட்கார்ந்தார்கள். திரையில் டீச்சரின் கேள்வி வந்தது: ‘என் குரல் எதைப் போலப் போய்விட்டது?’

யாரும் எதுவும் எழுதவில்லை. முன்பென்றால் அவரே பதிலையும் சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்லியிருப்பார். இப்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைத் தவிர வழியில்லை. வெகுநேரம் கழித்து ஒரு வரி வந்தது: ‘நிலவு போல.’

டீச்சர் தட்டினார்: ‘நிலவு எங்கே போனது?’

அறை சிரித்தது. அதற்குப் பிறகு விசைகள் படபடத்தன. ‘சார்ஜ் தீர்ந்த போன் போல.’ ‘கதவில் மாட்டிக் கிழிந்த சட்டை போல.’ கடைசி வரிசையில் ஒரு பெண், வகுப்பில் ‘உள்ளேன்’ என்பதற்கு மேல் பேசியறியாதவள், ஒற்றை விரலால் எழுத்துத் தேடி எழுதினாள்: ‘லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஆள் போல. உள்ளேதான் இருக்கிறது. யாராவது திறக்க வேண்டும்.’

டீச்சர் கைதட்டத் தொடங்கினார். அவ்வளவு பலமாக அவர் கைதட்டி நான் கேட்டதில்லை.

அடுத்து மரபுத்தொடர்கள். ஒவ்வொன்றையும் சொல்லுக்குச் சொல் கணினியில் வரைய வேண்டும். பக்கத்திலேயே உண்மையான பொருளை எழுத வேண்டும். ‘காது கொடுத்துக் கேள்’ என்பதற்கு ஒருவன் காதைக் கழற்றிக் கடைக்காரரிடம் நீட்டினான். ‘கை நீளம்’ என்பதற்கு வந்த கை மூன்று வீடு தாண்டி ஒரு வாழைப்பழத்தைப் பிடித்தது. அது கோல்கீப்பருக்குச் சொல்வது என்றே அதுவரை பலர் நினைத்திருந்தார்கள். திருடனுக்குச் சொல்வது என்று தெரிந்ததும் சிரிப்பு அடங்கவில்லை.

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை வந்துவிட்டார். “கம்ப்யூட்டர்ல படம் போட்டு விளையாடுறாங்க. இதுல தமிழ் எங்க இருக்கு?”

டீச்சர் நாற்காலியை இழுத்து அவரை உட்கார வைத்தார். பிறகு தட்டினார்: ‘நம் தலைமையாசிரியை எதைப் போல?’

அவர் பின்னாலேயே வந்து நின்றிருந்த நான் மெல்லப் பின்வாங்கினேன். ஏதோ ஒரு கணினியிலிருந்து வரி மெல்ல நகர்ந்து வந்தது. ‘மழைக்கு முந்தின வானம் போல. பார்த்தால் பயம். ஆனால் வராவிட்டால் எல்லாம் காய்ந்துவிடும்.’

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

“யாரு எழுதினது?”

எல்லாத் தலைகளும் கணினிகளுக்குப் பின்னால் மறைந்தன.

“சொல்ல வேண்டாம். நல்லா இருக்கு.” பிறகு அவரே விசைகளைத் தேடித் தேடி எழுதினார்: ‘அந்த வானத்தில் இடி எப்படி இருக்கும்?’ வந்து குவிந்த பதில்களைத் திரை கொள்ளவில்லை.

பருவத் தேர்வு வட்டாரத்திலுள்ள எல்லாப் பள்ளிகளுக்கும் பொது. சொந்தமாக மூன்று உவமை எழுதச் சொல்லும் கேள்வியை எங்கள் பிள்ளைகள் வழக்கமாக விட்டுவிடுவார்கள். இந்தத் தடவை ஒருவரும் விடவில்லை. விடைத்தாள் திருத்தியவர் தலைமையாசிரியைக்குப் போன் செய்தார்.

“யாராவது எழுதிக் குடுத்தீங்களா மேடம்? ஒரு தாள்லகூட நிலாவக் காணோம்.”

“வந்து பாருங்க” என்றார் தலைமையாசிரியை. குரலில் அப்படியொரு மிதப்பு.

வந்தார். பிள்ளைகள் அவரைக் கணினி முன்னால் உட்கார வைத்து, ‘தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினான்’ என்பதை வரையச் சொன்னார்கள். மனிதர் மதியச் சாப்பாட்டை மறந்து வரைந்தார். தமிழில் வட்டாரத்திலேயே எங்கள் ஐந்தாம் வகுப்புதான் முதலிடம் என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனார்.

டீச்சருக்குக் குரல் திரும்பியது. பழைய கனத்தில் பாதிதான். நூலகப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. கம்ப்யூட்டர் அறைக்கு மற்ற வகுப்புகளும் வரிசை கட்டின. கோடை விடுமுறையில் ஆசிரியர் பயிற்சிக்கு அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். கணவரும் நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம்.

“பேசாமயே எப்படிங்க வகுப்ப நடத்துனீங்க?” என்று ஒருவர் எழுந்து கேட்டார்.

டீச்சர் மைக்கை அருகே இழுத்துக்கொண்டார். “நான் நடத்தலீங்க. நான் கேள்வி மட்டும்தான் கேட்டேன். இவ்வளவு நாளா அவங்க பேச வேண்டியதையும் நானே பேசிட்டிருந்திருக்கேன்.”

அரங்கம் கைதட்டியது. கணவர் எழுந்து நின்று தட்டினார். ஒருமுறைகூட வாயைத் திறக்கவில்லை.