செல்வராணி பிரித்த மடிப்பு

கடையைத் திறந்து மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். என்னோடு தைக்கும் செல்வராணியின் கணவர் முருகேசன் போன் செய்தார். "அம்சாக்கா, அவ போயிட்டாக்கா. டீ போட்டுக்கினு இருந்தா, அப்படியே சாஞ்சிட்டா." எதிரே அவளுடைய மெஷின்மேல், முந்தைய நாள் பாதியில் விட்ட ஜாக்கெட் கிடந்தது.

கச்சிராயபாளையத்தில் பிள்ளைகளுக்குச் சீருடை தைக்கக் கொடுத்த எல்லோருக்கும் அவளைத் தெரியும். பாவாடையின் அடியில் நான்கு விரல் துணியை உள்ளே மடித்து, கையால் தைப்பாள். பிள்ளை வளர்ந்தால் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். "புள்ள வளராமலா இருக்கும்?" என்பாள். தன் ஒரே மகள் தேன்மொழிக்கும் அப்படித்தான் தைத்தாள். அந்த மடிப்பைப் பிரிப்பதற்குள் குழந்தை காய்ச்சலில் போய்விட்டாள்.

இதை எழுதக் கூசுகிறது. பார்த்துப் பார்த்து அழுவாளே என்று, அவளைக் கேட்காமலேயே, குழந்தையின் துணிமணிகளை நான்தான் மூட்டை கட்டினேன். சந்தைக்குச் சாமை கொண்டுவரும் வெள்ளிமலைக்காரம்மாவிடம் கொடுத்தேன். செல்வராணி கேட்டபோது, "எல்லாத்தையும் குழியிலயே வெச்சிட்டாங்கடி" என்றேன். எங்கள் பக்கம் பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. அதனால் நம்பினாள். முருகேசனிடமும் வாயைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவைத்தேன்.

காரியம் முடிந்ததும் வேலைக்கு வந்துவிட்டாள். அளவு கொடுக்க வருகிறவர்கள் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், "ஒரு பொண்ணு" என்பாள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். என் மகளைக் கடைப்பக்கம் வராதே என்று தடுத்திருந்தேன். அதைக் கண்டுபிடித்துவிட்டாள். "இன்னாடி, உன் பொண்ண எங்க ஒளிச்சி வெச்சிருக்க? வரச் சொல்லு, பாக்கணும்."

இரண்டு வருடம் கழித்து ஒரு சந்தை நாளில், வெள்ளிமலைக்காரம்மா தன் மகளோடு கடைக்கே வந்தார். "பாவாட கட்டையா ஆயிடுச்சி, கொஞ்சம் எறக்கிக் குடுங்க" என்று செல்வராணியின் கையில் கொடுத்தார். தேன்மொழியின் பாவாடை. அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். தன் தையல் அவளுக்குத் தெரியாதா? நூலை அறுக்காமல் மெதுவாக உருவினாள். மடிப்புக்குள் இருந்த துணி மட்டும் புது நீலமாக இருந்தது. இறக்கித் தைத்து, அந்தப் பெண்ணுக்குக் கட்டிப் பார்த்து, "இன்னும் ஒரு வருசம் வரும்" என்று அனுப்பினாள். காசு வாங்கவில்லை.

அவர்கள் ஜீப் ஏறிய பிறகு என்னைப் பார்த்தாள். "சொல்லியிருந்தா நானே பிரிச்சிக் குடுத்திருப்பன்டி." அதற்குமேல் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மதியம் வழக்கம்போல அவள் குழம்பில் எனக்கும் ஊற்றினாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

போன வாரம் முருகேசன் கடைக்கு வந்தார். "அவ துணியெல்லாம் யாருக்குனா குடுத்துடலாமாக்கா? நீங்களே பாத்து செய்ங்க." இப்போது வேண்டாம் என்றேன். அவள் மெஷின் டிராயரில் கிடைத்த பாபினை அவரிடம் நீட்டினேன். நெளிந்து நெளிந்து போன பழைய நீல நூல் அதில் சுற்றியிருந்தது. அது எந்த நூல் என்று சொன்னேன். மலைக்காரப் பெண் வந்துபோனது அவருக்கு அதுவரை தெரியாது. பாபினைச் சட்டைப்பையில் போட்டார், வெளியே எடுத்தார், மறுபடி போட்டுக்கொண்டார்.

அந்த நூலை நானே வைத்துக்கொள்ள ஆசைதான். ஆனால் அது என்னிடம் இருக்க வேண்டிய பொருள் இல்லை. செல்வராணி எனக்கென்று விட்டுப்போனது அந்தச் 'சொல்லியிருந்தா' மட்டும்தான். அதை வைத்துக்கொள்கிறேன்.