குங்குமம் வைத்த கார்டு

அரியலூர் பக்கத்துச் சிமெண்ட் ஆலையில் எனக்குச் சம்பளம் கவரில் வந்த காலம் அது. கவர் நேராகப் பூஜை அலமாரிக்குத்தான் போகும். என் மனைவி மேல் நோட்டின் ஓரத்தில் மஞ்சள் தடவி, சிறுவாச்சூர் காளி படத்துக்குக் கற்பூரம் காட்டுவாள். அதற்கப்புறம்தான் மளிகை, பால் எல்லாம்.

பிறகு சம்பளத்தை பேங்கில் போட ஆரம்பித்தார்கள். கைக்கு வந்தது ஒரு டெபிட் கார்டு மட்டும்.

"இதுலயா பணம் இருக்கு?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பணம் பேங்குல இருக்கு. இது அதோட சாவி."

அவ்வளவுதான், கார்டு அலமாரிக்குப் போய்விட்டது. அதே மாதம் ஆலை வாசலில் டை கட்டிய ஒருவர் கிரெடிட் கார்டுக்குப் படிவம் கொடுத்தார். இப்போது வாங்கிக்கொண்டு பிறகு கட்டலாமாம். வீட்டில் காட்டினேன்.

"கடனக் கொண்டாந்து ஆத்தா முன்னாடி வைக்கச் சொல்றீங்களா?" என்றாள். படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் திருமழபாடியில் என் தங்கை மகள் பெரிய மனுஷி ஆனாள். ஞாயிற்றுக்கிழமை சடங்கு. தாய்மாமன் நான் ஒருத்தன்தான். நான் எடுத்துப் போகும் பட்டுப் புடவையைக் கட்டித்தான் அவள் மணையில் உட்கார வேண்டும். வெள்ளிக்கிழமை சிறுவாச்சூரில் கும்பிட்டுவிட்டு, பெரம்பலூரில் புடவை எடுப்பதாகத் திட்டம். பஸ்ஸில் ரொக்கம் வேண்டாம், கார்டே போதும் என்றேன். சனிக்கிழமை புடவை எடுக்க என் மனைவி ஒத்துக்கொள்ள மாட்டாள். விட்டால் வேறு நாள் கிடையாது.

கோயிலில் கார்டை அர்ச்சனைத் தட்டில் வைத்தாள். பூசாரி எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, பஸ் பாசா?"

"சீர்ப் பணம் சாமி!"

வாங்கிய மஞ்சளையும் குங்குமத்தையும் குழைத்து, கார்டின் முன்னும் பின்னும் மனசாரப் பூசினாள். வெயிலில் அது நன்றாகக் காய்ந்துவிட்டது.

ஜவுளிக்கடையில் அரக்குப் பட்டு ஒன்று அமைந்தது. கல்லாக்காரர் கார்டை மெஷினில் இழுத்தார். மெஷின் 'கீ' என்றது. மறுபடி இழுத்தார். மறுபடி 'கீ'. மூக்கருகே கொண்டுபோனார்.

"சார், கார்டுல சாம்பார் வாசன அடிக்குது!"

"மஞ்சளுங்க. கோயில் மஞ்சள்."

"பின்னால இருக்குற கறுப்புப் பட்டையிலயும் அப்பியிருக்கீங்களே. அதத்தான் மெஷின் படிக்கணும். ஏ.டி.எம்.முக்குப் போனாலும் இதே கததான். இருங்க, தொடச்சுர்றேன்" என்று துணியை எடுத்தார்.

"வச்சிருங்க கீழ!" என்றாள் மனைவி. "வெள்ளிக்கிழம அதுவுமா, சடங்குக்குப் போற பொருள்ல குங்குமத்த அழிப்பீங்களா?"

"அப்ப ரொக்கம் குடுங்கக்கா."

எங்களிடம் இருந்தது திரும்பிப் போக பஸ் காசு. தங்கை முகம் என் கண்ணுக்குள் வந்தது. 'ஆத்தா, நீயே ஒரு வழி காட்டு' என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

மனைவி ஒரு நிமிஷம் கார்டையே பார்த்தாள். விரலை ஈரம் பண்ணி மெதுவாகத் தேய்த்து, கையில் வந்த குங்குமத்தில் ஒரு பொட்டைத் தன் நெற்றியில் வைத்தாள். மீதி மஞ்சளை, புதுத்துணிக்கு வைப்பது போல, பட்டுப் புடவையின் ஓரத்தில் இழுத்துவிட்டாள்.

"இப்ப அழிக்கல. எடம் மாறியிருக்கு" என்றாள்.

"ஐயோ, அக்கா! இன்னும் பில்லே போடலியே!" என்று கல்லாக்காரர் எழுந்தே விட்டார். "மஞ்சள் வச்ச பட்ட இனி யாருக்கு விப்பேன்?"

"எங்களுக்குத்தான். இழுங்க."

அவர் கார்டைத் துடைத்து, தேய்ந்த கார்டுக்குச் செய்வதுபோல் மெல்லிய பாலிதீன் தாளைச் சுற்றி இழுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். 'கீ' சத்தம் வரவில்லை. பில் அச்சாகி உருளும் சத்தம்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் புடவையில் பிள்ளை மணையில் உட்கார்ந்தாள். ஓரத்து மஞ்சளைத் தொட்டுப் பார்த்து, "அண்ணி மறக்காம மஞ்சளும் வச்சே கொண்டாந்திருக்காங்க" என்று தங்கை எல்லாரிடமும் சொன்னாள்.

அதிலிருந்து எங்கள் கணக்கு சுலபம். மளிகைக்கு ரொக்கம், பெரிய செலவுக்கு டெபிட் கார்டு. ஆத்தா முன்னால் வைக்க முடியாத கிரெடிட் கார்டு வேண்டவே வேண்டாம். கார்டுக்கு இன்றும் மஞ்சள் உண்டு, முன்பக்கம் மட்டும்.