பெயிண்ட் கடைக்காரர் வீட்டுச் சுவர்

செஞ்சி கடைத்தெருவில் எங்கள் நைனா பெயிண்டும் சுண்ணாம்பும் விற்றார். அதே தெருவின் கோடியில் அவர் கட்டிய புது வீட்டுக்குப் பூச்சும் கிடையாது, பெயிண்டும் கிடையாது. அறுபதுகளின் நடுவில் எங்கள் ஊருக்கு இதைவிட நல்ல வேடிக்கை சினிமாக் கொட்டகையில்கூட ஓடவில்லை.

வீட்டை வரைந்தவன் என் அண்ணன். சென்னையில் கட்டட வேலை படித்துவிட்டு அங்கேயே ஒரு பொறியாளரிடம் இருந்தான். நானும் சென்னையில்தான், ஒரு நாளிதழில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை இருவரும் ஒரே பஸ்ஸில் ஊருக்கு வருவோம். திண்டிவனம் வரை அவன் கான்கிரீட்டைப் பற்றிப் பேசுவான். அதன் பிறகும் பேசியிருக்கலாம். நான் தூங்கிவிடுவேன்.

மனை பதினெட்டு அடி அகலம். நீளம் தாராளம். இரண்டு பக்கமும் அடுத்தவர்களின் சுவர் ஒட்டி நின்றது. நடுவில் ஒரு புங்கமரம். வேறு யாராக இருந்தாலும் மரத்தை வெட்டியிருப்பார்கள். அண்ணன் வீட்டை வெட்டினான். முன்னால் ஓர் அறை, பின்னால் இரண்டு அறை, நடுவில் மரமும் திறந்த வானமும். தெருப்பக்கம் ஒரு கதவு மட்டும். ஜன்னல் ஏன் இல்லை என்று அம்மா கேட்டதற்கு, "தெருவுல பாக்கறதுக்கு இன்னாம்மா இருக்குது? மரத்தப் பாத்து உக்காரு" என்றான்.

சுவரும் கூரையும் கான்கிரீட். வார்ப்பதற்காக அடித்த பலகைகளைப் பிரித்ததும், பலகையின் அச்சு சுவர் முழுக்க நெட்டுக்கோடுகளாக நின்றது. அதன் மேல் எதுவும் படக்கூடாது என்று அண்ணன் சொன்னபோது, மேஸ்திரி மூன்று நாள் அதை ஜோக் என்றே நினைத்திருந்தார்.

"தம்பி, பலகை அச்செல்லாம் தெரியுது. ஊரு சிரிக்கும்."

"தெரியட்டும் மேஸ்திரி. அதான் அழகு."

"உன்னப் பாத்து யாரு சிரிக்கப் போறான்? கட்டனவன் எவன்டான்னு இல்ல கேப்பான்."

கண்ணேறு படாமல் இருக்கக் கட்டியிருந்த வைக்கோல் பொம்மையை அவர் கழற்றாமலே போய்விட்டார். வீடு முடிந்தால்தானே கழற்ற வேண்டும் என்பது அவர் கணக்கு. நாங்கள் குடிபோன பிறகும் தெருவில் போகிறவர்கள் நைனாவிடம் அனுதாபத்தோடு விசாரித்தார்கள். அப்போது சிமெண்டுக்குப் பர்மிட் வேண்டும். "பர்மிட் தீந்துட்ச்சா?" என்று கேட்டவர்களிடம், வீடு முழுக்க சிமெண்டுதான் என்று நைனாவுக்குச் சொல்ல வாய் வரவில்லை.

இயற்கை வீட்டுக்குள் வர வேண்டும் என்பது அண்ணனின் கொள்கை. முதல் வாரமே வந்தது. ஊர் மலைக்கோட்டையிலிருந்து ஆறு உருப்படி குரங்கு, மரத்தின் வழியாக இறங்கி, சமையலறைக்குள் போய், வெல்லத்தை எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பின.

"உன் இயற்கை வந்து வெல்லத்த தூக்கினு பூட்ச்சுடா" என்றாள் அம்மா.

திறந்த வானத்துக்குக் குறுக்கே கம்பி வலை வந்தது. குரங்குகள் அதன் மேல் உட்கார்ந்து நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்தன. ஆனாலும் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் பாறையெல்லாம் கொதித்து, தெருவே ஈரத்துண்டோடு அலைந்தபோது, அம்மா மரத்தடியில் கால் நீட்டி அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். மழை பெய்தால் வீட்டின் நடுவில் பெய்தது. அதைப் பார்த்துக்கொண்டே நனையாமல் உட்கார்ந்திருக்கலாம். அம்மாவுக்கு அது பிடித்துப்போனது. அண்ணனிடம் மட்டும், இலை பெருக்கியே இடுப்பு போச்சு என்று சொல்வாள்.

சிக்கல் கடையில் தொடங்கியது. மார்கழி பிறந்தால் நைனாவுக்கு சீசன். பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கத் தொண்டூரிலிருந்தும் அனந்தபுரத்திலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். அந்த வருடம் வந்தவர்கள் சுண்ணாம்பை மட்டும் வாங்கினார்கள். கலர் டப்பாவை நைனா எடுத்து வைத்தால் சிரித்தார்கள்.

"இன்னா மொதலாளி, உங்க வூட்டுக்கே அடிக்கல. என் மாட்டுக் கொட்டாய்க்கு ரோஸ் கலர் அடிக்கச் சொல்றீங்க?"

தெருவில் இன்னொரு பெயிண்ட் கடை இருந்தது. அந்தக் கடைக்காரர் வருகிறவர்களிடமெல்லாம், "அவரு சரக்க அவரே நம்பல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல தலைப்பு. எங்கள் பத்திரிகையில் அவ்வளவு சுருக்கமாக எழுத ஆள் இல்லை.

நைனா அண்ணனிடம் பேசினார். முன்சுவருக்கு மட்டும், லேசாக, பாலாடை நிறத்தில்.

"ஒரு பிரஷ் பட்டாலும் நான் இந்த வூட்டுக்குள்ள கால் வெக்க மாட்டேன் நைனா."

"கடைய மூடிட்டு உன் மரத்தடியில உக்காந்துக்கட்டுமா?"

இரண்டு பேரும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அண்ணன் அன்று மதிய பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டான். அம்மா கட்டிக் கொடுத்த சோற்றை நான்தான் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

அடுத்த வாரமே நான் தனியாக ஊருக்குப் போனபோது, நைனா முன்சுவர் எதிரில் கலர் அட்டையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எந்த நிறம் என்பதில் நாலு நாளாக முடிவு வரவில்லை. உள்ளே இருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

"நீ எந்தக் கலர் அடிக்கிறியோ அத்ததான் எல்லாரும் கேப்பாங்க. மீதி டப்பாவெல்லாம் இன்னா பண்ணுவ?"

நைனா அட்டையை மடித்துப் பையில் வைத்தார். பிறகு எடுத்துத் திரும்ப விரித்தார். அதையும் பார்த்தார், சுவரையும் பார்த்தார்.

மறுநாள் காலை மேஸ்திரி ஆனந்தமாக வந்து சேர்ந்தார். கதவுக்கு இடப்பக்கம் நாலு பட்டை, வலப்பக்கம் ஐந்து. காவி, மஞ்சள், நீலம், கிளிப்பச்சை, ரோஸ் என்று கடையில் இருந்த ஒன்பது நிறமும் மேலிருந்து கீழ்வரை. கோடு பிடிக்க நூல்கூடத் தேவைப்படவில்லை. அண்ணனின் பலகை அச்சு அவ்வளவு நேராக இருந்தது. ஒவ்வொன்றின் மேலும் கறுப்பில் நம்பர் போட்டார்கள். சாயங்காலத்துக்குள் ஜனங்கள் சுவரெதிரில் நின்று விவாதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அம்மா கதவைத் திறந்தால், "கொஞ்சம் நவுரும்மா, ஆறாம் நம்பர மறைக்கிற" என்றார்கள். பொம்மையை மேஸ்திரி தானே கழற்றிக் கொண்டுபோனார். உள்ளே ஒரு சொட்டுகூடச் சிந்தக்கூடாது என்று நைனா வாசலிலேயே காவல் நின்றார்.

அண்ணனுக்குச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. கடிதம் எழுத மூன்று முறை உட்கார்ந்தேன், முதல் வரி வரவில்லை. போகிக்கு முதல் நாள் அவனை எப்படியோ பேசிப் பஸ் ஏற்றினேன். வழியில் சொன்னேன். அவன் திண்டிவனத்தில் இறங்கி டீ குடித்தான். திரும்பி ஏறினான்.

வீட்டெதிரில் பையோடு நின்றான். பக்கத்தில் அனந்தபுரத்துக்காரர் ஒருவர் தலையைச் சாய்த்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேன்ட் போட்டவனைக் கடை ஆள் என்று நினைத்திருக்க வேண்டும்.

"தம்பி, அந்த அஞ்சாம் நம்பரு சுண்ணாம்பு மேல நிக்குமா?"

அண்ணன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நிக்காது" என்றான். "பழச நல்லா சுரண்டிட்டு அடிங்க. ஒண்ணு காஞ்சதும் மேல ஒண்ணு, ரெண்டு கை அடிக்கணும்."

"ரெண்டு கையா? இந்தச் செவுத்துல ஒரு கைதான் போல இருக்குது."

"இது கான்கிரீட்டுங்க. உங்களுது மண் செவுரு. ஒரு கை அடிச்சா மழைல ஓடிடும்."

அவர் தலையாட்டிவிட்டுக் கடைப்பக்கம் நடந்தார். அண்ணன் கண்ணை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பாமல் நேரே வாசலுக்குப் போனான். செருப்பைக் கழற்றியவன் உள்ளே போகாமல், கையை மட்டும் நீட்டி உள்சுவரை மேலிருந்து கீழாகத் தடவினான். உள்ளங்கையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தான். ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

உள்ளே போய் மரத்தடியில் உட்கார்ந்து, அம்மாவிடம் காப்பி கேட்டான்.